பாட்டு விரிகிறது, குரல் எங்கே நிற்கிறது? ஹெட்போனின் சவுண்ட்ஸ்டேஜ் அமைப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. வடசென்னைக்கும் கேரத்துக்கும் உள்ள உறவை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா தங்கம் வாங்கி வந்ததை ஊரே கொண்டாடியது. நான் அந்த கிளப்புக்கு ஆடப் போவதைவிடக் கேட்கப் போவதுதான் அதிகம். போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால், ஸ்ட்ரைக்கர் அடிபடும் ‘டக்’, காயின் ஓரக்கட்டையில் மோதும் சத்தம், பாக்கெட்டில் விழும் ‘தொப்’ எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். காயின் எந்த மூலையில் விழுந்தது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவேன். இடதா வலதா என்பது மட்டுமில்லை, என் பக்கத்து மூலையா எதிர் மூலையா என்பதும் தெரியும்.

ஒரு நாள் அதே ஆட்டத்தைப் போனில் வீடியோ எடுத்து, வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். இடது வலது தெரிந்தது. கிட்டம் தூரம் தெரியவில்லை. எல்லாக் காயினும் இரண்டு காதுக்கும் நடுவே, என் தலைக்குள்ளேயே ஒரு கோட்டில் விழுந்தன. சரி என்று போனில் இருந்த ‘சர்ரவுண்ட்’ பொத்தானைப் போட்டேன். சத்தம் அகலமானது உண்மை. ஆனால் ஒரு மூலையில் ‘தொப்’ என்று விழ வேண்டிய காயின் அறை முழுக்கப் பரவியது. அகலம் கிடைத்தது, இடம் போய்விட்டது.

ஒவ்வொரு குரலும் வாத்தியமும் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நிற்கிற மாதிரி கேட்கிறதோ, காதுக்குள் விரியும் அந்த மேடைக்குத்தான் சவுண்ட்ஸ்டேஜ் என்று பெயர். சவுண்ட்ஸ்டேஜை விரிக்கிறேன் என்று சொல்லும் எந்த அமைப்பைப் போட்டாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சத்தம் அகலமாகிறதா என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு சத்தமும் தன் இடத்தில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. கீழே சொல்லும் வேலைகளை வரிசையாகச் செய்தால் ஒரு மாலைப் பொழுதுக்குள் உங்கள் போனில் எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

முதலில் காது என்ன செய்கிறது என்று பார்ப்போம்

நம் இரண்டு காதுக்கும் நடுவே ஏறக்குறைய 17, 18 சென்டிமீட்டர் இருக்கும். வலது பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதுக்கு முதலில் வரும். தலையைச் சுற்றி இடது காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் 0.6 அல்லது 0.7 மில்லிசெகண்ட் கூடுதலாக ஆகும். ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு முழுத் துண்டுகூட இல்லை. அந்தச் சின்ன இடைவெளியை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது ஸ்தாயியின் அளவு) கீழே உள்ள சத்தங்களுக்கு இந்த நேர வித்தியாசம்தான் முக்கியத் துப்பு. அதற்கு மேலே போகப் போக, தலை ஒரு சுவர் மாதிரி மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் குறைந்து கேட்பது முக்கியத் துப்பாகிவிடும். இயற்பியலாளர் லார்டு ரேலி 1907-ல் எழுதிய விளக்கம் இது, இன்றும் அடிப்படை இதுதான்.

முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதற்கு இந்த இரண்டும் போதாது. அதற்குத்தான் காது மடலின் மடிப்புகள். ஒவ்வொரு திசையிலிருந்து வரும் சத்தத்தையும் மடல் வெவ்வேறு விதமாக வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. நாமும் சந்தேகம் வந்தால் தலையை லேசாகத் திருப்பிப் பார்க்கிறோம். சுவரில் பட்டு வரும் எதிரொலி தூரத்தைச் சொல்கிறது.

ஹெட்போன் மாட்டினால் இவ்வளவும் ஒரே நேரத்தில் போய்விடும். இடது ஸ்பீக்கரின் சத்தம் வலது காதுக்குப் போகவே போகாது. தலை மறைப்பு இல்லை, அறை இல்லை. தலையைத் திருப்பினால் பாட்டும் கூடவே திரும்பும். பாட்டு தலைக்குள் கேட்பது உங்கள் ஹெட்போனின் கோளாறு இல்லை, அதன் இயல்பே அதுதான். சவுண்ட்ஸ்டேஜ் அமைப்புகள் எல்லாம் இப்படித் தொலைந்துபோன துப்புகளில் ஏதோ ஒன்றிரண்டைச் செயற்கையாகத் திரும்பச் சேர்க்கப் பார்க்கின்றன. எந்தத் துப்பைச் சேர்க்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை: எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்

இதைச் சொல்வது சுலபம், செய்வது கொஞ்சம் கஷ்டம். ஒரு போனில் இந்தப் பொத்தான்கள் நாலு இடத்தில் ஒளிந்திருக்கும். போனின் சவுண்ட் செட்டிங்கில் டால்பி அட்மாஸ் அல்லது அந்தக் கம்பெனியின் சொந்தப் பெயரில் ஒன்று. பாட்டுக் கேட்கும் ஆப்புக்குள் ஈக்வலைசரும் அதையொட்டி ஒன்றும். ஹெட்போனோடு வரும் ஆப்பில் ‘3டி’ அல்லது ‘ஸ்பேஷியல்’ என்று ஒன்று. கம்ப்யூட்டர் என்றால் சவுண்ட் கார்டின் மென்பொருளில் தனியாக ஒன்று.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. புதிதாக வாங்கிய இயர்போனில் பாடகர் குரல் எப்போதும் ஒரு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருந்தது. இரண்டு வாரம் இயர்போனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், திருப்பிக் கொடுக்கவும் தயாராகிவிட்டேன். கடைசியில் பார்த்தால் போனில் ஒரு சர்ரவுண்டும் ஆப்பில் இன்னொரு சர்ரவுண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் அணைத்ததும் குரல் நடுவில் வந்து நின்றது. அன்றைக்கு அந்த இயர்போனில் கேட்ட முதல் பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அணைத்த பிறகு வேறு இரண்டையும் பாருங்கள். அணுகல்தன்மைப் பகுதியில் ‘மோனோ ஆடியோ’ (இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தை அனுப்புவது) போட்டிருக்கிறதா, இடது வலது பேலன்ஸ் கோடு சரியாக நடுவில் நிற்கிறதா என்று. அந்தக் கோடு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் குரல் ஒரு பக்கம் சாயும். இயர்போன் என்றால் காதுக்குள் போகும் ரப்பர் சரியான அளவா என்பதும் முக்கியம். ஒரு காதில் மட்டும் தளர்வாக இருந்தால் அந்தப் பக்கம் பேஸ் போய்விடும், மேடையே சாய்ந்துவிடும்.

இரண்டாவது வேலை: சோதனைக்கு நாலு பாட்டு

நூறு பாட்டு வேண்டாம், நன்றாகப் பழகிய நாலு போதும்.

முதலாவது, குரல் நடுவில் தெளிவாக நிற்கும் இப்போதைய ஸ்டீரியோ பாட்டு ஒன்று. வரிக்கு வரி மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பழைய மோனோ பாட்டு. இதுதான் நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். 1978-ல் வந்த ‘பிரியா’ படப் பாடல்களோடுதான் ஸ்டீரியோ ஒலிப்பதிவு தமிழ்த் திரைப்பாட்டுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய கருப்பு வெள்ளைக் காலத்துப் பாடல்கள் பதிவானதே மோனோவில்தான், இரண்டு காதிலும் அச்சு அசல் ஒரே சத்தம். ஒரு எச்சரிக்கை: பழைய பாட்டைப் பிற்பாடு செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி, புது இசை சேர்த்து வெளியிட்ட பதிப்புகளும் நிறைய உண்டு. ஒரு காதை மாற்றி ஒரு காது வைத்துக் கேளுங்கள். துளி வித்தியாசம் தெரிந்தாலும் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

மூன்றாவது, மேடைக் கச்சேரிப் பதிவு. ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம், நடுவில் பாடுபவர், பின்னால் சபையின் கைதட்டல். நாலாவது, யாராவது செய்தி வாசிக்கும் பதிவு. எக்கோ எதுவும் இல்லாத வெறும் பேச்சு. எஃபெக்ட் என்ன சேர்க்கிறது என்பதை இது பட்டென்று காட்டிக் கொடுக்கும்.

ஐந்தாவதாக நான் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கானா பாடும்போது போனில் எடுத்தது. ஒரு குரல், ஒரு டோலக், சுற்றி நிற்கும் பத்துப் பேரின் விசில். ஸ்டுடியோவே கிடையாது. அந்த இரவு எப்படி ஒலித்தது என்று எனக்குத் தெரியும் என்பதால், எது பொய் சொல்கிறது என்பது உடனே பிடிபடும். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும், தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை: சத்தத்தைச் சமமாக்குங்கள்

பலரும் ஏமாறும் இடம் இது. இரண்டு சத்தத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் ‘நல்லா இருக்கு’ என்று காதுக்குத் தோன்றும். ஒரு டெசிபல் (சத்த அளவின் அலகு) வித்தியாசமே போதும். நிறைய எஃபெக்ட்கள் போட்டவுடன் மொத்தச் சத்தத்தையும் ஏற்றிவிடும். பொத்தானைத் தட்டியதும் ‘ஆகா’ என்று தோன்றுவதில் பாதி வெறும் சத்தம் கூடியதுதான்.

வீட்டிலேயே சமமாக்க ஒரு வழி உண்டு. இன்னொரு போனில் சத்தத்தை அளக்கும் இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தப் போனின் மைக் துளைமேல் ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் பொத்தி வையுங்கள், கை அசையாமல். செய்திப் பதிவை ஓட்டி, எஃபெக்ட் இல்லாமல் எவ்வளவு காட்டுகிறது, போட்டால் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் மதிப்பு சரியா என்பது முக்கியமில்லை, இரண்டும் ஒன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். போனின் வால்யூம் படி பெரிதாக இருந்தால் ஆப்புக்குள் இருக்கும் ப்ரீஆம்ப்பால், அதாவது பாட்டின் சத்த அளவை முன்கூட்டியே ஏற்றி இறக்கும் கோட்டால், சரிக்கட்டலாம். அதே ப்ரீஆம்ப்பை எஃபெக்ட் போடும்போது 3 முதல் 6 டெசிபல் வரை கீழே இறக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஏற்கெனவே உச்சத்தில் பதிவான பாட்டின்மேல் எஃபெக்ட் இன்னும் ஏற்ற, உச்சி வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும்.

நாலாவது வேலை: ஒவ்வொன்றாகப் போட்டு, குரலைப் பின்தொடருங்கள்

இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு எஃபெக்ட். ஒவ்வொன்றுக்கும் கேள்வி ஒன்றுதான்: பாடுபவர் இப்போது எங்கே நிற்கிறார்? மேளம், வயலின் எல்லாம் எவ்வளவு விரிந்தாலும் குரல் தன் இடத்தில், தன் கனத்தோடு நிற்க வேண்டும்.

ஸ்டீரியோ விரிப்பு

‘வைடு’, ‘ஸ்டீரியோ எக்ஸ்பேன்ட்’, ‘3டி’ என்று பல பெயரில் வருவது. உள்ளே நடப்பது எளிய கணக்கு. இடதையும் வலதையும் கூட்டினால் நடுவில் இருப்பது கிடைக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் ஓரங்களில் இருப்பது மட்டும் மிஞ்சும். இந்த எஃபெக்ட் நடுப்பகுதியை அப்படியே விட்டோ குறைத்தோ, ஓரத்தை மட்டும் ஏற்றுகிறது. மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய விஷயம். கரோக்கிக்காகக் குரலை நீக்கும் பொத்தானும் இதே கழித்தல்தான். நடுவில் இருக்கும் குரல் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தால் காணாமல் போகிறது.

அதனால்தான் விரிப்பைக் கூட்டக் கூட்டக் குரல் மெலிகிறது. நடுவில் நிற்கும் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அதோடு சேர்ந்து இளைக்கும். கோரஸும் எக்கோவும் முன்னால் வந்து நிற்கும். முதல் ஒரு நிமிடம் பிரமாதமாக இருக்கும், நாலாவது பாட்டில் பாடகர் எங்கோ பின்னால் போய்விட்டது தெரியும்.

இப்போது அந்த மோனோ பாட்டை ஓட்டுங்கள். மோனோவில் இடதும் வலதும் ஒன்று, கழித்தால் பூஜ்யம். பூஜ்யத்தை எவ்வளவு ஏற்றினாலும் பூஜ்யமே. ஆகவே எஃபெக்டைப் போட்டும் மோனோ பாட்டில் சத்த அளவைத் தவிர ஒன்றும் மாறவில்லை என்றால் அது வெறும் விரிப்பு. மோனோ பாட்டும் விரிந்தால், உள்ளே வேறு ஏதோ நடக்கிறது: தாமதமோ, எதிரொலியோ, காது மடல் வடிகட்டியோ. பொத்தானுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும். சவுண்ட்ஸ்டேஜ் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். செலவில்லை, கருவி வேண்டாம், ஒரு பழைய பாட்டு போதும்.

என் அனுபவத்தில் விரிப்பைக் கால் பங்குக்கு மேல் ஏற்றினால் கேட்கச் சகிக்காது. இடது வலது குறுகலாகப் பதிவான சில பாடல்களுக்கு மட்டும் கொஞ்சம் போடலாம்.

ஹால், ஸ்டேடியம், சர்ச்

இவை ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி. செய்திப் பதிவை ஓட்டினால் போதும். வாசிப்பவர் பாத்ரூமுக்குள் உட்கார்ந்து வாசித்தால் ரிவெர்ப் இருக்கிறது என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் எக்கோவை முழுக்க ஏற்றிவைத்துப் பாடும்போது வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். தூரம் வரும், சொல் தெளிவு போகும். ஒலிப்பதிவாளர் ஏற்கெனவே ஒரு அறையைப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார், அதற்கு மேல் இன்னொரு அறை எதற்கு?

க்ராஸ்ஃபீட்

பேர் அதிகம் தெரியாத, ஆனால் நான் மனதாரப் பரிந்துரைக்கும் ஒன்று. இது விரிப்புக்கு நேர் எதிர். இடது பக்கச் சத்தத்தில் கொஞ்சத்தை எடுத்து, மேல் ஸ்தாயியைக் குறைத்து, ஒரு மில்லிசெகண்டில் கால் பங்கு தாமதப்படுத்தி வலது காதுக்கும் அனுப்பும், அங்கிருந்து இங்கும் அப்படியே. எதிரில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் இயற்கையாக நடப்பது இதுதான். பெஞ்சமின் பவர் (Bauer) என்ற ஒலிப் பொறியாளர் 1961-லேயே இதற்கு வழி சொன்னார், பிறகு லிங்க்விட்ஸ், யான் மையர் போன்றவர்கள் ஆளுக்கொரு சர்க்யூட் கொடுத்தார்கள்.

பவரின் பெயரால் இயங்கும் ‘பிஎஸ்2பி’ என்ற இலவச மென்பொருளில் மூன்று தயார் அமைப்புகள் உண்டு: 700 ஹெர்ட்ஸ் 4.5 டெசிபல், 700 ஹெர்ட்ஸ் 6 டெசிபல், 650 ஹெர்ட்ஸ் 9.5 டெசிபல். இதில் எண்ணைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். எந்த ஸ்தாயிக்கு மேலே குறைத்து அனுப்புகிறது என்பதை ஹெர்ட்ஸ் சொல்கிறது, எதிர்ப்பக்கச் சத்தம் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதைத்தான் டெசிபல் சொல்கிறது. ஆகவே 9.5 தான் மிக மென்மையானது, 4.5 தான் அழுத்தமானது. மென்மையிலிருந்து தொடங்குங்கள்.

எந்தப் பாட்டுக்கு? ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பாடல்களில் டிரம் முழுக்க ஒரு காதில், கிட்டார் முழுக்க மறு காதில் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரில் அது அழகு. ஹெட்போனில் அரை மணி கேட்டால் ஒரு காதுக்குள் யாரோ விரலை விட்டுக் குடைகிற மாதிரி இருக்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். க்ராஸ்ஃபீட் போட்டால் அந்த டிரம் காதை விட்டுக் கொஞ்சம் வெளியே, முன்பக்கமாக நகரும். அகலம் குறையும், களைப்பும் குறையும்.

போட்ட உடனே பிடிக்காது. மங்கலாக, குறுகலாகத் தோன்றும். இரண்டு பாட்டைக் கேட்டு அணைத்துவிடாதீர்கள். இருபது நிமிடம் விடாமல் கேட்டுவிட்டுப் பிறகு அணைத்துப் பாருங்கள். அதுவரை சாதாரணமாக இருந்த பாட்டு திடீரென்று இரண்டாகப் பிளந்த மாதிரி தெரியும். மோனோ பாட்டுக்கும், தலை வடிவ மைக்கில் பதிவான பைனாரல் ஒலிகளுக்கும் இது வேண்டாம். பைனாரலில் நேர வித்தியாசமும் தலை மறைப்பும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, மறுபடி கலந்தால் கெட்டுவிடும். ஆண்ட்ராய்டில் நியூட்ரான் பிளேயரிலும், லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸிலும், பழைய பிளேயர்களுக்கான ராக்பாக்ஸிலும் க்ராஸ்ஃபீட் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஃபூபார்2000-க்குத் தனிச் செருகி கிடைக்கும்.

சர்ரவுண்டும் ஸ்பேஷியல் ஆடியோவும்

இன்றைக்கு எல்லாப் பெட்டிமேலும் அச்சடிப்பது இதைத்தான். அடிப்படை ஒன்று: ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் சத்தத்தைத் தலையும் காது மடலும் எப்படி வடிகட்டுகின்றன என்று அளந்து வைத்துக்கொண்டு, அந்த வடிகட்டலைக் கணக்குப் போட்டுப் பாட்டின்மேல் ஏற்றுவது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1994-ல் ‘கீமார்’ என்ற பொம்மைத் தலையின் காதில் மைக் வைத்து அளந்து, அந்த அளவுகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். அது பொம்மையின் காது, உங்கள் காது இல்லை. கைரேகை மாதிரி காது மடலும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் காது அந்த அளவுக்கு ஒத்துப்போனால் சத்தம் உண்மையிலேயே முன்னால் போய் நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் முன்னால் கேட்க வேண்டியது பின்னாலோ உச்சந்தலையிலோ கேட்கும், கூடவே குரலின் நிறமும் மாறும். ஒரே ஹெட்போனில் என் தங்கைக்கு அற்புதமாக இருப்பது எனக்குத் தகரமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். யாருடைய ரசனையிலும் குறையில்லை. இந்த வகையில் மட்டும் அடுத்தவர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள், உங்கள் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, தலை அசைவைத் தொடர்வது. ஆப்பிள் 2020-ல் ஏர்பாட்ஸ் ப்ரோ இயர்போனில் கொண்டுவந்தது, ஆண்ட்ராய்டு 13-லும் அதற்கு வசதி உண்டு. நீங்கள் தலையைத் திருப்பினாலும் குரல் திரையிலேயே நிற்கும். முன் பின் குழப்பம் தீர இது ரொம்ப உதவும், ஏனென்றால் தலையைத் திருப்பிச் சரிபார்க்கும் அந்தப் பழைய துப்பு திரும்பக் கிடைக்கிறது. இரண்டு, காதைப் படம் பிடிப்பது. 2022-ல் ஐபோனின் ஐஓஎஸ் 16 மென்பொருள் முன்பக்கக் கேமராவால் காதை அளந்து தனிக் கணக்கு போடத் தொடங்கியது. சோனியும் 360 ரியாலிட்டி ஆடியோவுக்காகத் தன் ஆப்பில் காதைப் படம் எடுக்கச் சொல்லும். இந்த வசதி இருந்தால் இரண்டு நிமிடம் செலவழித்து அதைச் செய்துவிட்டுப் பிறகு தீர்ப்பு சொல்லுங்கள்.

இன்னொரு பிரிவினையும் முக்கியம். படம் பார்க்கும்போது 5.1 அல்லது அட்மாஸில் உண்மையாகவே பல சேனல் வருகிறதென்றால் இந்த எஃபெக்டுக்கு வேலை இருக்கிறது, போடுங்கள். கடல் அலை பின்னால் அடிக்கும், வசனம் முன்னால் நிற்கும். வெறும் இரண்டு சேனல் பாட்டை எடுத்து ‘ஸ்பேஷியலைஸ்’ செய்தால், எந்த வாத்தியம் எங்கே என்று மென்பொருள் ஊகிக்கிறது. அட்மாஸிலேயே கலவை செய்து வெளியிட்ட பாட்டு வேறு. அது தனிக் கலவை என்பதால் ஸ்டீரியோ பதிப்போடு ஒப்பிடும்போது எஃபெக்ட் மட்டும் மாறவில்லை, பாட்டே வேறு ஒன்று என்பதை நினைவில் வையுங்கள்.

கேம் ஆடுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எதிர் வீட்டுத் தம்பி 7.1 என்று எழுதிய ஹெட்செட் ஒன்றை வாங்கிவந்து ஒரு வாரம் கழித்து வந்தான். “அண்ணா, ஆள் பின்னாடி வர்ற மாதிரியே கேக்குது, திரும்பினா முன்னாடி நின்னு சுடுறான்” என்றான். உட்கார்ந்து பார்த்தோம். கேமுக்குள்ளேயே ஹெட்போனுக்கான 3டி ஒலி போட்டிருந்தது. அதன்மேல் ஹெட்செட்டின் மென்பொருள் 7.1 போட்டிருந்தது. ஒரு காது மடலுக்குமேல் இன்னொரு காது மடல் ஒட்டினால் எப்படித் திசை தெரியும்? ஹெட்செட்டில் இருந்ததை அணைத்தோம், கேமில் இருந்ததை விட்டோம். அன்று ராத்திரி பத்தரைக்கு ஜன்னல் வழியாக அவன் கத்தியதில் தெரு நாய் எழுந்துகொண்டது. கேமில் 3டி இருந்தால் மற்ற எல்லாம் வெறும் ஸ்டீரியோவில் இருக்கட்டும். கேமில் அது இல்லாமல், 7.1 சேனலாக ஒலி வெளியே வந்தால் மட்டும் விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் சோனிக் போன்ற ஒன்றைப் போடலாம்.

‘8டி’ என்று யூடியூபில் சுற்றுவது இந்த வகையில் சேராது. பாட்டை இடமும் வலமுமாகச் சுற்றவிட்டு ரிவெர்ப் சேர்த்தது, அவ்வளவுதான்.

ஐந்தாவது வேலை: மேடையை உண்மையில் கெடுப்பது எது என்று பாருங்கள்

பல நேரம் எஃபெக்டே தேவையில்லை. மேடையின் ஆழம் என்று நாம் உணர்வது, குரலுக்குப் பின்னால் மெல்ல அடங்கும் எதிரொலி வாலில்தான் இருக்கிறது. அது ரொம்பச் சின்னச் சத்தம். பேஸ் பூஸ்ட் முழுக்க ஏற்றியிருந்தால் அந்த வால் மூழ்கிவிடும். பேஸை 3 டெசிபல் இறக்குங்கள், மேடை தானாகத் திறக்கும். குரல் முகத்தில் வந்து இடிக்கிறது என்றால் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றிரண்டு டெசிபல் குறைத்தால் ஒரு அடி பின்னால் போய் நிற்கும்.

வெளிச்சத்தமும் அப்படித்தான். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி, ராயபுரம் தாண்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டால் தண்டவாளச் சத்தம் அந்த வாலை முழுக்க விழுங்கிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நிற்கும்போதும் அதே கதை. அங்கே நாம் மேடை குறுகிவிட்டது என்று நினைத்து விரிப்பை ஏற்றுகிறோம், சத்தத்தையும் ஏற்றுகிறோம். செய்ய வேண்டியது ரப்பரை ஒரு அளவு பெரிதாக மாற்றி இறுக்கமாக அடைப்பது, அல்லது சத்தத்தைத் தடுக்கும் வசதியைப் போடுவது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சத்தத்தை ஏற்ற ஏற்ற அந்த மணிக்கணக்கு வேகமாகக் குறையும். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

அமைதியான அறையில் கேட்பவர் என்றால், பின்பக்கம் திறந்த ஓபன் பேக் ஹெட்போனை ஒரு முறையாவது மாட்டிப் பாருங்கள். எந்த எஃபெக்டும் இல்லாமலே சத்தம் தலைக்கு வெளியே கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் உள்ளே வருவதும் வெளியே போவதும் தடையில்லாமல் நடக்கும். ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில் ராத்திரி அது சரிப்படாது.

ஆறாவது வேலை: வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள்

கடைசியாக மிஞ்சும் ஒன்றிரண்டு அமைப்புகளில் எது உங்களுக்கு என்று முடிவு செய்யக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். போனை இன்னொருவர் கையில் கொடுத்து, பத்து முறை, சொல்லாமல் எஃபெக்டைப் போடவோ அணைக்கவோ சொல்லுங்கள். சத்தம் சமமாக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள், அவர் குறித்துக்கொள்ளட்டும். ஒன்பது அல்லது பத்து முறை ஒரே பக்கம் விழுந்தால் அது உங்கள் உண்மையான விருப்பம். சும்மா ஊகித்து ஒரே பக்கமாக ஒன்பதோ பத்தோ விழுவது நூற்றுக்கு இரண்டு முறை நடக்கும் காரியம். ஐந்துக்கு ஐந்து என்று வந்தால் அணைத்தே வையுங்கள், பேட்டரியாவது மிஞ்சும். என் அம்மாவை வைத்து இதைச் செய்தபோது நான் ஆறு மாதமாகப் போட்டு வைத்திருந்த ஒரு விரிப்பு பத்தில் எட்டு முறை தோற்றது. அன்றோடு அதை விட்டேன்.

எல்லாம் முடிந்து இன்றைக்கு என் போனில் இருப்பது இவ்வளவுதான்: பழைய ஸ்டீரியோ பாடல்களுக்கு 9.5 டெசிபல் க்ராஸ்ஃபீட், படத்துக்கு மட்டும் சர்ரவுண்ட், மற்றதெல்லாம் அணைப்பு. கானாப் பதிவுக்கு எதுவுமே இல்லை. அந்தக் குரலும் டோலக்கும் தலைக்குள்ளேயே கேட்கட்டும், அப்படித்தான் அது பதிவானது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். போனுக்கு அப்டேட் வந்த பிறகு இந்தப் பொத்தான்கள் சில நேரம் தாமாகவே ஆன் ஆகிவிடும். பாட்டு திடீரென்று தகரமாகக் கேட்டால் ஹெட்போனைத் தட்டிப் பார்க்காமல் முதலில் செட்டிங்கைத் திறந்து பாருங்கள்.